கவாஸ்கரின் அந்தப் பதின்மூன்று சதங்கள்

கல்லூரி மாணவர் ஒருவரின் கேள்வி: “ஹெல்மெட் இல்லாமல் ஆடியே கவாஸ்கர் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு எதிராக 13 சதம் அடித்தார் என்று சென்னையில் இருக்கும் என் தாத்தா அடிக்கடி சொல்வார். அவற்றில் பெரும்பாலானவை பலவீனமான பந்துவீச்சுக்கு எதிராக வந்தவை என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி? அவர் ஆடிப் பார்த்திராத எங்களுக்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.”

கணக்கில் உங்கள் நண்பர்கள்தான் ஜெயிப்பார்கள். ஆனால் கணக்கு முடிந்த பிறகும் உங்கள் தாத்தா தோற்கமாட்டார். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 13 சதங்களும் ஐந்து தொடர்களில் வந்தவை.

முதல் நான்கு 1971இல். 21 வயதுப் பையனாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். கைவிரலில் சீழ் வைத்ததால் கிங்ஸ்டனில் நடந்த முதல் டெஸ்டில் ஆடவில்லை. மீதி நான்கு டெஸ்டுகளில் 65, 67 ஆட்டமிழக்காமல், 116, 64 ஆட்டமிழக்காமல், 1, 117 ஆட்டமிழக்காமல், 124, 220. மொத்தம் 774 ரன், சராசரி 154.80. அறிமுகத் தொடர் ஒன்றில் இத்தனை ரன் குவித்தவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை. ஆனால் எதிரே பந்து வீசியவர்கள் யார்? முந்தைய தலைமுறையின் வேகப்பந்து வீச்சாளர்களான வெஸ் ஹாலும் சார்லி கிரிஃபித்தும் போய்விட்டார்கள். ராபர்ட்ஸ், ஹோல்டிங் காலம் இன்னும் பிறக்கவில்லை. வான்பர்ன் ஹோல்டர், ஷில்லிங்ஃபோர்ட், வயது முதிர்ந்துகொண்டிருந்த சோபர்ஸ், அவர்களோடு சுழற்பந்து வீச்சாளர்கள். இந்தியா வென்ற போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் 9 விக்கெட் எடுத்த ஜாக் நோரீகாவும் ஆஃப் ஸ்பின்னர்தான். எனவே இந்த நான்கையும் பயங்கரமான வேகத்துக்கு எதிரான சதங்கள் என்று சொல்ல முடியாது.

அதற்காக அவற்றை எளிதில் வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி டெஸ்டில் 124, 220 அடித்த நாட்கள் முழுவதும் அவருக்குத் தாங்க முடியாத பல்வலி. மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்று கொடுக்காமல் விட்டார்கள். 1-0 என்று முன்னிலையில் இருந்த கேப்டன் வாடேகரின் அணி அந்த டெஸ்டில் தோற்காமல் தப்பித்தால், மேற்கிந்தியத் தீவுகளை வென்ற முதல் இந்திய அணி ஆகும். தப்பித்தது. அந்தத் தொடரில் 642 ரன் எடுத்த திலீப் சர்தேசாயை இந்த 774 ரன்னின் வெளிச்சத்தில் நாம் மறந்துபோனது தனி அநியாயம். டிரினிடாட்டின் கலிப்சோ பாடகர் லார்ட் ரிலேட்டர் கவாஸ்கர் மேல் பாட்டே கட்டிவிட்டார். தோற்ற ஊர்க்காரன் ஜெயித்தவனைப் பாட்டில் வைப்பது சின்ன விஷயமா?

அடுத்த இரண்டு சதங்கள் 1976இல், இரண்டுமே போர்ட் ஆஃப் ஸ்பெயினில்: 156, 102. இவற்றில் இரண்டாவதுதான் உலக கிரிக்கெட்டையே திருப்பிப் போட்டது. நான்காவது இன்னிங்ஸில் இலக்கு 403. அதுவரை 400க்கு மேல் துரத்தி வென்ற அணி ஒன்றே ஒன்று, 1948இல் பிராட்மன் ஆடிய ஆஸ்திரேலியா. கவாஸ்கர் 102, அவருடைய தங்கை கணவரான விஸ்வநாத் 112, மொஹிந்தர் அமர்நாத் 85. இந்தியா 4 விக்கெட்டுக்கு 406. மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் கிளைவ் லாயிட் அந்த டெஸ்டில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை வைத்து ஆடியிருந்தார். எதிர்முனையில் ஹோல்டிங் ஏறக்குறைய தனி ஆள். அடுத்த டெஸ்டுக்குக் கிங்ஸ்டன் போனபோது சுழற்பந்தை ஒதுக்கிவிட்டு வேகத்தை இறக்கினார். அன்ஷுமன் கெய்க்வாட் காதில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். விஸ்வநாத்தின் விரலும் பிரிஜேஷ் படேலின் வாயும் பதம் பார்க்கப்பட்டன. இந்தியக் கேப்டன் பிஷன் சிங் பேடி 306க்கு 6 என்ற நிலையில் இன்னிங்ஸை முடித்துக்கொண்டார்; இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து பேர் மட்டை பிடிக்கவே வரவில்லை. நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை வைத்தே ஆடும் அந்த மேற்கிந்தியத் தீவுகளை உருவாக்கியதில் 403ஐத் துரத்திய இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கவாஸ்கர் தன் எதிரியைத் தானே வளர்த்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அடுத்த நான்கு சதங்கள் 1978–79இல், இந்திய மண்ணில். இங்கேதான் உங்கள் நண்பர்கள் கையில் வலுவான சீட்டு இருக்கிறது. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டிகளுக்கு லாயிட், ரிச்சர்ட்ஸ், ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். காளிச்சரண் தலைமையில் வந்தது கிட்டத்தட்ட இரண்டாம் அணி. பம்பாயில் 205, கல்கத்தாவில் 107ம் ஆட்டமிழக்காமல் 182ம், டெல்லியில் 120. ஆறு டெஸ்டில் 732 ரன். அந்தத் தொடரில் உண்மையிலேயே வேகமாக எகிறிய ஆடுகளம் சேப்பாக்கத்தில் அமைந்தது. அதில் சில்வெஸ்டர் கிளார்க்கும் நார்பர்ட் ஃபிலிப்பும் மிரட்டினார்கள். கவாஸ்கர் எடுத்தது 4, 1. அன்று 124 அடித்து இந்தியாவை ஜெயிக்க வைத்தவர் விஸ்வநாத். தொடரில் முடிவு கிடைத்த ஒரே டெஸ்டும் அதுதான். விஸ்வநாத் ரசிகர்கள் இதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக் காட்டுவார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஆகப் பத்துச் சதங்கள் போயின. மீதி மூன்று.

1983இல் கயானாவின் ஜார்ஜ்டவுனில் ஆட்டமிழக்காமல் 147. எதிரே ஹோல்டிங், ராபர்ட்ஸ், மார்ஷல், கார்னர். அந்த நான்கு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். மழை பெய்து டிராவான ஆட்டம் என்பது உண்மை. அந்தத் தொடரின் மற்ற நான்கு டெஸ்டுகளில் அவர் ஒரு அரைசதம்கூட அடிக்கவில்லை என்பதும் உண்மை.

பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது சதங்கள் அதே ஆண்டின் இறுதியில். இவற்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

உலகக் கோப்பையை நம்மிடம் இழந்த கோபத்தோடு லாயிட் அணி இந்தியாவுக்கு வந்தது. கான்பூரில் முதல் டெஸ்ட்: கவாஸ்கர் 0, 7. மார்ஷலின் பந்து எகிறி மட்டையைக் கையிலிருந்தே தட்டிவிட்டது. மட்டை ஒரு பக்கம், கேட்ச் ஒரு பக்கம். 34 வயது, கதை முடிந்தது என்று எழுதினார்கள். பத்து நாள்கூட இல்லை, டெல்லியில் இறங்கினார். எகிறி வரும் பந்தைக் காற்பக்கம் சுழற்றி அடிக்கும் ஹூக் ஷாட்டை, பல வருடங்களாகப் பூட்டி வைத்திருந்ததை, வெளியே எடுத்தார். 94 பந்துகளில் சதம், மொத்தம் 121. அது அவருடைய 29ஆவது சதம். பிராட்மனின் உலக சாதனை சமமானது. எதையும் தடுத்தே பழகியவர் என்ற பெயரெடுத்த மனிதர் மார்ஷலுக்கும் ஹோல்டிங்குக்கும் எதிராக அப்படி அடித்ததைப் பார்த்தவர்கள் தங்கள் கண்ணையே நம்பவில்லை.

அதன்பின் அகமதாபாத்தில் 90. பிறகு மீண்டும் சறுக்கல். கல்கத்தாவில் ஆட்டத்தின் முதல் பந்திலேயே மார்ஷல் அவரை வீழ்த்தினார். தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. சென்னையில் கடைசி டெஸ்ட். இனித் தொடக்கத்தில் இறங்கவில்லை, நான்காவதாக வருகிறேன் என்றார் கவாஸ்கர். மேற்கிந்தியத் தீவுகள் 313க்கு ஆட்டமிழந்தது. மார்ஷல் தன் முதல் ஓவரை வீசினார். கெய்க்வாட் 0. வெங்சர்க்கார் 0. நான்காவது ஆளாக கவாஸ்கர் நடந்து வரும்போது ஸ்கோர் பலகையில் பூஜ்யத்துக்கு இரண்டு விக்கெட். நீ எந்த இடத்தில் வந்தால் என்ன, ஸ்கோர் இன்னும் பூஜ்யம்தானே என்று விவியன் ரிச்சர்ட்ஸ் கிண்டல் செய்ததைக் கவாஸ்கரே பின்னாளில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அங்கிருந்து ஆட்டமிழக்காமல் 236. மார்ஷல், ஹோல்டிங், ராபர்ட்ஸ், வின்ஸ்டன் டேவிஸ் நால்வரும் மாறி மாறி வீசியும் அசையவில்லை. ரவி சாஸ்திரி 72 எடுத்துத் துணை நின்றார். எட்டு விக்கெட் போன பிறகு வந்த கிர்மானி அவரோடு பிரியாமல் 143 ரன் சேர்த்தார். இந்தியா 451க்கு 8. முப்பதாவது சதம் வந்தது. பிராட்மன் பின்னால் போனார். டெஸ்டில் ஓர் இந்தியரின் அதிகபட்ச ரன்னும் அதுவே ஆனது. அதற்கு முந்தைய சாதனையான வினூ மன்கட்டின் 231ம் இதே சென்னையில்தான், 1956இல் கார்ப்பரேஷன் மைதானத்தில் அடிக்கப்பட்டது. அந்த 236 பதினேழு ஆண்டுகள் நின்றது. 2001இல் லட்சுமணனின் 281தான் அதைக் கடந்தது.

ஆக, முழுப் படையாக வந்த வேகப்பந்து வீச்சுக்கு எதிராக மூன்று சதங்கள். உங்கள் நண்பர்களிடம் போய் இந்த எண்ணைத் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட கையோடு, அப்படிப்பட்ட படைக்கு எதிராக மூன்று சதம் அடித்த வேறு ஆட்டக்காரர்களின் பட்டியலையும் கேளுங்கள். பட்டியல் மிகவும் சின்னதாக இருக்கும்.

இனி உங்கள் தாத்தாவின் பக்கம். அவர் தப்பான எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கவாஸ்கரைப் புரிந்துகொள்ள நான் எடுக்கும் எண் 203. ஆடிய 214 டெஸ்ட் இன்னிங்ஸ்களில் 203இல் அவர் தொடக்க ஆட்டக்காரர். 34 சதங்களில் 33 தொடக்கத்தில் இறங்கி அடித்தவை. மீதி ஒன்று அந்தச் சென்னை 236. அதுவும் பூஜ்யத்தில் இறங்கியதுதான். அவர் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தியாவுக்கு நிலையான தொடக்க ஆட்டக்காரர் என்று ஒருவர் இல்லை. அணியில் இடம் கிடைப்பதற்காக மத்திய வரிசை ஆட்டக்காரர்களைப் பலியாடாக முன்னே தள்ளிவிடுவார்கள். நம்மிடம் வேகப்பந்து வீச்சாளரும் இல்லாத காலம். சுழற்பந்துக்காகப் பந்தின் பளபளப்பைப் போக்க கவாஸ்கரையே பந்து வீச வைத்த நாட்கள் உண்டு. வலைப்பயிற்சியில்கூட உண்மையான வேகத்தைச் சந்திக்காத ஒருவர் நேரே போய் தாம்சனையும் இம்ரானையும் ஹோல்டிங்கையும் சந்தித்தார்.

எப்படிச் சமாளித்தார்? ஐந்தரை அடிக்கும் குறைவான உயரம். பக்கவாட்டில் நிற்பார், தலை ஆடாது. பந்து கண்ணுக்கு நேர் கீழே வரும் வரை காத்திருந்து ஆடுவார். முன்காலோ பின்காலோ, பாதி வழியில் அகப்பட்டு நிற்பதைப் பார்க்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தை விடத் தெரிந்தவர். தொடக்க ஆட்டக்காரருக்கு எதை ஆடக் கூடாது என்பதுதான் முதல் பாடம். ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்பதை அவர் திரும்பிப் பார்க்காமலே அறிவார். நாலு அங்குலம் தள்ளிப் போகும் பந்துக்கு மட்டையை உயர்த்தி வழிவிடுவதை அவர் ஒரு ஷாட் போலவே செய்வார். எகிறும் பந்துக்கு இடுப்பை வளைத்து, கடைசி நொடிவரை கண்ணை எடுக்காமல் விலகுவார். ஹெல்மெட் போடாததற்கு வீரம் காரணமில்லை. கழுத்து பாரம் தாங்காது, தலையை அசைக்கும் வேகம் குறையும் என்பார். கடைசி ஆண்டுகளில் நெற்றியையும் நெற்றிப்பொட்டையும் மட்டும் மறைக்கும் சின்னக் கவசம் ஒன்றைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

1977–78இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன், பெர்த், மெல்போர்ன் என்று மூன்று சதங்கள். 1978இல் கராச்சியில் ஒரே டெஸ்டில் 111, 137. 1983இல் பைசலாபாத்தில், இம்ரான் 40 விக்கெட் வீழ்த்திய அந்தத் தொடரில், தொடக்கத்தில் இறங்கி மற்ற எல்லோரும் போன பிறகும் ஆட்டமிழக்காமல் 127. டெஸ்டில் அப்படி இன்னிங்ஸ் முழுவதும் நின்ற முதல் இந்தியர் அவரே. உள்ளூரைவிட வெளிநாட்டில் அவருடைய சராசரி அதிகம். இந்திய ஆட்டக்காரர்களில் இதைச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது 1979 ஓவல் 221. இலக்கு 438. சேத்தன் சௌகானோடு முதல் விக்கெட்டுக்கு 213. 366க்கு ஒன்று என்ற நிலையில் கை நழுவ வாய்ப்பே இல்லை என்று தோன்றியது. கரகரக்கும் ரேடியோவை ஜன்னல் கம்பியோரம் சாய்த்து வைத்துக்கொண்டு, பந்து பந்தாக எண்ணிக்கொண்டிருந்தோம். 389இல் கவாஸ்கர் போனார். அதன்பின் ஆளாளுக்கு அவசரம். 429க்கு 8, ஒன்பது ரன் குறைவு, டிரா. விஸ்வநாத்தைப் பின்னால் வைத்துவிட்டுக் கபில்தேவை முன்னே அனுப்பிய முடிவுக்காகக் கேப்டன் வெங்கட்ராகவனை இன்றும் திட்டுபவர்கள் உண்டு. அணி ஊர் திரும்பிக்கொண்டிருந்த விமானத்திலேயே, புதிய கேப்டன் கவாஸ்கர் என்று அறிவித்தார்கள். நம் வெங்கட் அதே விமானத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க நேர்ந்தது நாகரிகமான காரியமில்லை.

கவாஸ்கர் பக்தர்கள் முணுமுணுப்பார்கள் என்றாலும் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1975 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், 60 ஓவரில் 335 எடுக்க வேண்டிய நிலையில், 174 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 36. அதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. 1981இல் மெல்போர்னில் லில்லியின் பந்தில் எல்பிடபிள்யூ கொடுத்ததும், மட்டையில் பட்டது என்று கொதித்து, எதிர்முனையில் இருந்த சௌகானையும் இழுத்துக்கொண்டு மைதானத்தைவிட்டு நடந்தார். மேலாளர் எல்லைக்கோட்டில் நின்று சௌகானைத் திருப்பி அனுப்பாவிட்டால் ஆட்டமே பறிபோயிருக்கும். காயத்தோடு வந்த கபில்தேவ் 28 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 83க்குச் சுருட்டி, அந்த அவமானத்தை வெற்றியாக மாற்றினார். தான் செய்தது தவறு என்று கவாஸ்கரே பின்னர் ஒப்புக்கொண்டார். கேப்டனாக 47 டெஸ்டில் 30 டிரா. தோற்காமல் இருப்பதே முதல் குறி. 1982 ரஞ்சி அரையிறுதியில் கர்நாடகத்தின் ரகுராம் பட் பந்து சுழன்றபோது, அவருக்கு எதிராக மட்டும் இடது கையால் ஆடினார்! திறமையா, கேலியா என்று இன்றும் சண்டை நடக்கிறது. எனக்கு அது இரண்டும் கலந்ததாகத்தான் படுகிறது.

ஆனால் அதே மனிதர் கேப்டனாக 1985இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை வென்றார். அதில் 19 வயது சென்னைப் பையன் சிவராமகிருஷ்ணனை நம்பிப் பந்தைக் கொடுத்தார். நம் ஸ்ரீகாந்த் அறிமுகமானதும் அவர் தலைமையில்தான். ஒருமுனையில் பாடப்புத்தகம், மறுமுனையில் திருவிழாப் பட்டாசு. இருவரும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

விரிவாகச் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள், எனவே அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1949 ஜூலை 10, பம்பாய். மருத்துவமனையில் குழந்தை மாறிவிட்டது. காதருகே இருந்த சின்னத் துளையை முதல் நாளே கவனித்திருந்த உறவினர் ஒருவர் தேடி, ஒரு மீனவப் பெண்ணின் பக்கத்தில் படுத்திருந்த குழந்தையைக் கண்டுபிடித்தார். சின்ன வயதில் வீட்டுத் தாழ்வாரத்தில் அம்மா டென்னிஸ் பந்து வீச, பையன் அடித்தது ஒருமுறை அம்மாவின் மூக்கையே பதம் பார்த்தது. தாய்மாமன் மாதவ் மந்திரி இந்தியாவுக்கு ஆடியவர். அவருடைய இந்திய அணி ஸ்வெட்டர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, நீயே சம்பாதித்துக்கொள் என்றார். தாதர் யூனியன் கிளப்பின் கறாரான வளர்ப்பு மற்றதைச் செய்தது.

1987 மார்ச்சில் அகமதாபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகப் பத்தாயிரம் ரன்னைத் தொட்ட முதல் மனிதர் ஆனார். 125 டெஸ்ட், 10,122 ரன், சராசரி 51.12. ரன் எண்ணிக்கையை 1993இல் ஆலன் பார்டர் கடந்தார். 34 சதங்களை 2005இல் டெல்லியில் டெண்டுல்கர் கடந்தார். அந்த டெண்டுல்கர் சிறுவனாக இருந்தபோது கவாஸ்கர் தன் இலேசான கால்காப்புகளைக் கொடுத்திருந்தார். இன்று இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடும் கோப்பைக்குப் பார்டர், கவாஸ்கர் பெயர்களே.

அவருடைய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸின் ஒளிப்பதிவு கிடைத்தால் பாருங்கள். அதே 1987 மார்ச், பெங்களூரு. வேகம் இல்லை, பந்து ஆடுகளத்தில் குத்தியதும் புழுதி கிளம்பித் தாறுமாறாகத் திரும்பியது. முதல் இன்னிங்ஸில் பாகிஸ்தானே 116க்குச் சுருண்டிருந்தது. 221 இலக்கு. தௌசீஃப் அகமதும் இக்பால் காசிமும் இரு முனையிலிருந்தும் வீச, ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்று 96 ரன். அத்தனை நேரமும் கையைத் தளர்வாக வைத்து, பந்தைக் காலடியிலேயே சாகடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் காசிமின் ஒரு பந்து மட்டும் குத்திய இடத்திலிருந்து சட்டென்று எழும்பி ஸ்லிப்புக்குப் போனது. இந்தியா 16 ரன்னில் தோற்றது.

தாத்தாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: 1983 டிசம்பர் கடைசி வாரத்தில் சேப்பாக்கத்துக்குப் போனாரா, எந்த கேலரியில் இருந்தார்?